மருந்தென்று எண்ணாத மாத்திரை

வங்கதேசத்தின் பரிசால் நகர ஆஸ்பத்திரிக் கட்டிலில் மொத்தாலிபின் விரல்கள் மறுபடியும் கோணிக்கொண்டன. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற விரல்கள் விறைத்து நின்றன. மனைவி ஷெஃபாலி பலங்கொண்ட மட்டும் பிரித்துப் பார்த்தாள். மனுஷன் அலறிவிட்டான். லாஞ்ச் எனும் பயணிகள் படகை ஓட்டும் சாரங் அவன். மேக்னா நதி பொங்கும் மழைக்காலத்திலும் சுக்கானை அலட்டிக்கொள்ளாமல் பிடிப்பவன். முந்தாநாள் சுக்கான் அறையிலேயே வலிப்பு வந்து விழுந்தான். நல்லவேளை, லாஞ்ச் அப்போது கரையில் கட்டியிருந்தது. "வலிப்புக்காரன் கையில சுக்கானக் குடுக்க முடியாதும்மா" என்று முதலாளி ஷெஃபாலியிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள். ஷெஃபாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஜின்னுக்கு வேற ஆளே கெடைக்கலையா? இவரு குறட்டையக் கேட்டா அதுவே ஓடிரும்!"

டாக்டர் நவ்ஷின் சின்னப் பெண்தான், ஆனால் கெட்டி; வயதில் மூத்தவர்களும் அவளை ஆபா, அதாவது அக்கா, என்றே கூப்பிடுவார்கள். "சாச்சி, உங்க வீட்டுக்காரரு, சாச்சா, என்னென்ன மருந்து சாப்பிடறாரு?" என்று சொந்தச் சித்தியைக் கேட்பதுபோல் கேட்டாள்.

"மருந்தா? ஒண்ணுமில்ல ஆபா. சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல. மருந்துன்னாலே ஓடுவாரு."

ஷெஃபாலி பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலை பரோட்டாவும் பருப்பும் வாங்கி வந்தாள். வாயில் வைக்குமுன் மொத்தாலிப் கண்ணைக் காட்டினான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, அவன் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். பக்கத்துக் கட்டிலில் நின்ற டாக்டர் சட்டென்று திரும்பினாள்.

"சாச்சி, என்ன அது?"

"இதுவா? கேஸ் மாத்திரை ஆபா. மருந்தெல்லாம் இல்ல."

"எவ்வளவு நாளா?"

"வயித்துப்புண்ணு வந்து ரத்தமா வாந்தி எடுத்தாரே, எங்க சின்னவ பொறந்த வருஷம், அப்பலேருந்து. இப்ப அவளுக்கே கல்யாணம் ஆயிருச்சு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. விருந்துன்னா கூட ஒண்ணு."

அந்த ஊரில் அதைப் போய் மருந்து என்றால் சிரிப்பார்கள். கல்யாண வீட்டில் பிரியாணிக்குப் பிறகு வெற்றிலையோடு அதையும் நீட்டுவார்கள். உப்பை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா?

டாக்டர் உடனே ரத்தம் எடுத்தாள். முடிவு வந்ததும் ஓடோடி வந்தாள். "மெக்னீசியம்னு ஒரு உப்புச் சத்து, அது இவருக்கு ரொம்பக் கொறஞ்சிருக்கு, சாச்சி. இந்த மாத்திரைய வருஷக்கணக்கா எடுத்தா சில பேருக்குக் குடல் அத உறிஞ்ச மாட்டேங்குது. அது வத்துனா கால்சியமும் எறங்கிரும். அதான் கை கோணுது, வலிப்பு வருது."

"நாசமாப் போற மாத்திரை!"

"திட்டாதீங்க. அன்னிக்கு அவரு புண்ண ஆத்துனதே அதுதான். எப்ப நிறுத்தறதுன்னு யாரும் கேக்கல. இப்ப வேற வகை தர்றேன். இனிமே நீங்களா எதையும் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

குழாய் வழியே தண்ணீர் மாதிரி ஏதோ சொட்டுச் சொட்டாக இறங்கியது. நிறமில்லை, மணமில்லை. ஷெஃபாலி வைத்த கண் வாங்காமல், கோணிக் கிடந்த அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு வந்தபோது சுண்டுவிரல் தளர்ந்தது. பிறகு அடுத்தது. கடைசியில் கட்டைவிரலும் தானாகவே வெளியே வந்து படுத்தது. யா அல்லா! ஒரே ராத்திரியில் ஊரையே விழுங்கும் ஆற்றைப் பார்த்தவள் அவள். அப்போதுகூட இப்படி மலைத்ததில்லை. தன் பலமெல்லாம் சேர்ந்தும் திறக்காத கையை ஒரு சிட்டிகை உப்பு திறந்துவிட்டதே! இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த உடம்புக்குள் இவ்வளவு நுணுக்கமா?

"இது காக்கா வலிப்பு இல்ல" என்றாள் டாக்டர். "கொஞ்ச நாள் ரத்தத்தப் பாத்துக்கிட்டே இருப்போம். சத்து நெலையா நின்னுச்சுன்னா முதலாளிகிட்ட நானே பேசறேன்."

மொத்தாலிப் மெல்லக் கையை நீட்டி மனைவியின் மணிக்கட்டைப் பற்றினான். வார்டே பார்த்தது. வேறு நாளாயிருந்தால் வெட்கத்தில் உதறியிருப்பாள்.

இன்று, "இறுக்கிப் பிடிங்க பாப்போம்" என்றாள்.

பிடித்தான். கண்ணாடி வளையல்கள் சதையில் அழுந்தின.

"வலிக்குதா?" என்றான்.

வலித்தது. கண்ணில் நீர் முட்டியது.

"இன்னும்" என்றாள் ஷெஃபாலி.