ஏழாம் பாகத்துக்கு நானே பொறுப்பு

'கடைசிக் கலங்கரை' படங்களைத் திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை உண்டு. முதல் பாகத்தைப் பதினான்கு வயதில் பார்த்தேன்; இப்போது நாற்பத்தேழு. அதற்குப் பிறகு வந்த ஆறு பாகங்களையும் முதல் நாள் முதல் காட்சியில் பார்த்து, வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் திட்டித் தீர்த்து, அடுத்த வாரமே மறுபடியும் போய்ப் பார்த்தவள் நான். மூன்றாம் பாகத்தில் கதாநாயகியான கப்பல் கேப்டனை ஆட விட்டார்கள். நான்காம் பாகத்தில் கப்பல் பறந்தது. ஐந்தாம் பாகத்தைப் பற்றி என் எதிரில் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் வெளியாள் ஒருவர் "அதெல்லாம் ஒரு படமா?" என்று கேட்டால் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவேன். பெற்றவள் பிள்ளையைத் திட்டலாம், பக்கத்து வீட்டுக்காரி திட்டக் கூடாது. அந்த மாதிரிதான் இதுவும்.

எங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. உறுப்பினர்கள் இருபத்திரண்டு பேர். தையல் கடைக்கு மேலே இருக்கும் நீள அறையில், மடக்கு நாற்காலிகள் போட்டு, ஒவ்வொரு படம் வந்த பிறகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூடுவோம். அதற்கு விளக்கக் கூட்டம் என்று பெயர். படத்தில் இருக்கும் ஓட்டைகளையெல்லாம் ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் காரணம் சொல்லி அடைப்பார்கள். மூன்று காட்சிகளுக்கு முன்னால் செத்துப்போன சமையல்காரர் பின்னணியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தால், அவருக்கு ஒரு தம்பி இருந்தார் என்று முடிவெடுப்போம். 'தவறு' என்ற சொல்லை அந்த அறையில் யாரும் சொல்லக் கூடாது. ஊர் இதைச் சப்பைக்கட்டு என்று சொல்லும். நாங்கள் பக்தி என்று சொல்லிக்கொள்வோம்.

இந்த வழக்கத்துக்கு மூலகாரணம் ஒரு கடிதம். முதல் பாகத்தில் புயல் நேரத்தில் கயிறு அறுந்து கேப்டனின் இடது கன்னத்தைக் கிழிக்கிறது. அந்த ரத்தத்தைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் அவள் கப்பலைச் சுழலுக்குள் செலுத்தி மறுபக்கம் கொண்டுவருகிறாள். அந்தக் காட்சியில் நான் மூச்சு விட மறந்தேன். இரண்டாம் பாகம் வந்தபோது எனக்குப் பதினேழு வயது. திரையில் கேப்டன் திரும்பினாள். தழும்பு வலது கன்னத்தில் இருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. பள்ளியில் சிரித்தார்கள். வீட்டில் அண்ணன் சிரித்தான். மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்து, ரசிகர் மாத இதழுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். "ஆசிரியருக்கு வணக்கம். தழும்பு மாறவில்லை. மாறியது கேப்டன்" என்று ஆரம்பித்தேன். சுழலிலிருந்து வெளியே வந்தது அவள் இல்லை, அவளுடைய பிரதிபிம்பம். கண்ணாடியில் இடம் வலமாகத்தானே தெரியும். அந்தப் பிரதிபிம்பத்துக்கே தான் யாரென்று தெரியாது, என்று எழுதினேன். அப்பா பார்த்தால் தோலை உரித்துவிடுவார் என்பதால் கீழே 'ஒரு ரசிகை' என்று மட்டும் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்துச் சங்கத்தில் சேரப் போனால், கோப்பின் முதல் பக்கத்தில் அந்தக் கடிதத்தை வெட்டி ஒட்டி வைத்திருந்தார்கள். சங்கத்தை ஆரம்பித்தவர் ஒரு கணக்கு வாத்தியார். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த இளைஞர். "இதை எழுதினவங்க பெரிய மேதைங்க. வயசானவங்களா இருப்பாங்க" என்று கண்கள் பளபளக்கச் சொன்னார். ஒடிசலாக ஒரு பெண் எதிரில் நின்றுகொண்டு அது நான்தான் என்றால் நம்புவாரா? வெட்கம். வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குப் படித்தேன். எங்கள் தொழிலில் முதல் பாடமே இடம் வலம்தான். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஈயத்தில் செய்த சின்ன எழுத்தை வைத்துத்தான் எடுப்போம். அது இல்லாவிட்டால் படத்தை யாராவது புரட்டிப் பார்த்துவிட்டு நல்ல காலில் கத்தி வைத்துவிடுவார்கள். அந்தப் பாடம் நடந்த அன்று, வகுப்பு நடுவில் எனக்குச் சுரீரென்று உறைத்தது. சுழலாவது பிரதிபிம்பமாவது! கேப்டனுக்கு மேக்கப் போட்டவர் கையில் புரட்டி அச்சடித்த புகைப்படம் இருந்திருக்கிறது. அவ்வளவுதான். அது வெறும் தவறு. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. சங்கத்தில் என் பெயரே எக்ஸ்ரே என்று ஆகிவிட்டிருந்தது. எல்லாவற்றையும் ஊடுருவிப் பார்ப்பவள் என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு உள்ளே சிரிப்பும் வரும், குத்தவும் செய்யும்.

போன மாதம் ஏழாம் பாகம் வந்தது. அதில் கேப்டன் கடலடிக்குப் போகிறாள். அங்கே ஒரு எலும்புக்கூடு, கேப்டனின் சட்டையோடு. உண்மையான கேப்டன் முதல் பாகத்தின் முடிவிலேயே செத்துவிட்டாளாம். இரண்டிலிருந்து நாங்கள் பார்த்ததெல்லாம் சுழல் பெற்றெடுத்த பிரதிபிம்பமாம். கடைசியில் அவளையும் நுரையாகக் கரைத்துவிட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் காலை என் கணவர் பல் துலக்கிக்கொண்டே போனை நீட்டினார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். படம் என்றால் தூக்கம் வரும், ஆனால் எனக்காக இந்தப் படச் செய்திகளை மட்டும் விடாமல் படிப்பார். பேட்டியில் இயக்குநர் சொல்லிக்கொண்டிருந்தார்: பத்து வயதில் ஒரு பழைய இதழில் ஒரு ரசிகையின் கடிதத்தைப் படித்தாராம், அந்தக் கடிதம்தான் இந்தப் படமாம்.

"நீ எழுதினதுதானே?" என்றார் கணவர். அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"நான்தாங்க அவளைக் கொன்னுட்டேன்."

"யாரை?"

"கேப்டனை."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. "இங்க பாரு, அந்தக் கடிதத்துல உன் பேரு இல்ல. வாத்தியாருக்குத் தெரிஞ்சா உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார். இருபத்தெட்டு வருஷப் பழக்கம். பேசாம இருந்துடு" என்றார்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நானும் போனேன். சங்கம் போய்விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? நாள் முழுக்க இருட்டறையில் "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்கிறவளுக்கு, மனசு விட்டுக் கத்திப் பேச அந்த ஒரு அறைதான்.

ஞாயிற்றுக்கிழமை அறை நிரம்பியிருந்தது. ஓட்டைகளை வாசிக்க யாரும் தாள் கொண்டுவரவில்லை. வாத்தியார் எழுந்தார். தலை நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"இன்னிக்கு விளக்கம் கிடையாது. ரெண்டு தீர்மானம். ஒண்ணு, ஏழாம் பாகம்னு ஒரு படம் நடக்கவே இல்ல. நம்ம பட்டியல்ல அது கிடையாது. ரெண்டு, படக் கம்பெனிக்குக் கண்டனக் கடிதம். வழக்கம் போல மூத்த உறுப்பினர் முதல் கையெழுத்து. எக்ஸ்ரே, பிடிங்க."

தாளை வாங்கிப் படித்தேன். கோப்பின் முதல் பக்கத்திலிருந்த கடிதத்தைக் கிழித்து இதோடு இணைத்திருந்தார்கள். "பெயர் சொல்லத் துணிவில்லாத ஒரு ரசிகையின் உளறலை நம்பி" என்று ஒரு வரி இருந்தது. உளறல் என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். துணிவில்லாத என்ற சொல்தான் சுட்டது. உண்மை என்பதால் இன்னும் சுட்டது.

"வாத்தியாரே, இதுல ஒண்ணு மாத்தணும்."

"எழுத்துப்பிழையா?"

"இல்ல. அந்த ரசிகை நான்தான்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தாளைப் பார்க்காமல் சொன்னேன். அதோடு, இதழில் இடமில்லை என்று ஆசிரியர் வெட்டிவிட்ட மூன்று வரிகளையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

வாத்தியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இருபத்தெட்டு வருஷம் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே. நான் அந்தம்மா அந்தம்மான்னு உருகினப்பகூட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருக்கணும். அது என் கோழைத்தனம். அதுக்கு மட்டும் மன்னிச்சுக்கோங்க."

கீழே தையல் கடை வைத்திருக்கும் அம்மாவும் எங்கள் உறுப்பினர்தான். நல்ல மனசு. "விடுங்க வாத்தியாரே, விவரம் தெரியாத வயசுல ஏதோ எழுதிட்டா. கையெழுத்தைப் போடும்மா, எல்லாரும் மறந்துடுவாங்க. வா, டீ ஆறுது" என்றார். பலர் தலையாட்டினார்கள். வாத்தியாரே பேனாவை நீட்டினார். ஒரு கையெழுத்து போட்டால் போதும், என் நாற்காலி எனக்கே.

பேனாவை வாங்கினேன். 'பெயர் சொல்லத் துணிவில்லாத' என்பதை அடித்தேன். மேலே என் முழுப் பெயர், வீட்டு விலாசம், ஆஸ்பத்திரியில் என் அறை எண் எல்லாவற்றையும் எழுதினேன்.

"கண்டனத்தை அனுப்புங்க. திட்டறவங்க நேரா எனக்கே எழுதட்டும். ஆனா கீழ கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்போ படம் நல்லா இருக்குங்கறீங்களா?" என்றார் வாத்தியார்.

"மோசம். ரெண்டாவது பாதி மகா மோசம். அவளை நுரையாக் கரைச்சானே, அந்த ஆளைப் பாத்தா மூஞ்சிக்கு நேரா கேப்பேன். ஆனா நடக்கவே இல்லைன்னு எப்படிச் சொல்றது? நடந்துடுச்சு. இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. தழும்பு மாறினதுக்கு சுழலும் காரணமில்ல, பிரதிபிம்பமும் காரணமில்ல. மேக்கப்காரர் கையில இருந்தது புரட்டி அச்சடிச்ச போட்டோ. அது தவறு. வெறும் தவறு."

அந்தச் சொல்லை அந்த அறையில் முதல் தடவையாகச் சொன்னது நான்தான். யாரோ நாக்கைக் கடித்துக்கொண்ட சத்தம்கூடக் கேட்டது போலிருந்தது.

"அந்தத் தவறைப் பொறுக்க முடியாம நான் பொய் சொன்னேன். நீங்க எல்லாரும் அதையே தொழிலாப் பண்ணீங்க. அந்த டைரக்டர் நம்மளைவிடப் பெரிய ரசிகன், அதை நம்பியே நாசமாப் போனான். இப்போ அது பிடிக்கலைன்ன உடனே நடக்கலைங்கறீங்க. அதுவும் ஒரு சப்பைக்கட்டுதான் வாத்தியாரே. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க. பதினேழு வயசுல அந்தப் படத்து மேல உயிரை வச்சதுக்கு நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

என்னை நீக்குவதற்கு ஓட்டெடுத்தார்கள். பதின்மூன்று கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது வாத்தியாருடைய கை. தையல்கார அம்மா தூக்கவில்லை, அழுதுகொண்டிருந்தார். நான் என் மடக்கு நாற்காலியை நானே மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு இறங்கினேன். படிகள் கலங்கலாகத் தெரிந்தன. அழுகையா என்றால் ஆமாம், அழுகைதான்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. கால் போன போக்கில் கொஞ்சம் நடந்துவிட்டு, தியேட்டருக்குப் போய் மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தேன். ஏழாம் பாகம்தான். மூன்றாவது தடவை. உள்ளே கூட்டமில்லை. விளக்கு அணைவதற்கு முன் பார்த்தால், நடு வரிசையில் ஒரு நரைத்த தலை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இப்படி ஒரு படமே இல்லை என்று தீர்மானம் போட்டவர்.

நேராகப் போய் அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் திடுக்கிட்டார்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்றார்.

"நடக்காத படத்தைப் பாக்க வந்தேன். உங்களுக்கு இது எத்தனாவது தடவை?"

விளக்கு அணைந்து, ஆரம்பப் பெயர்கள் ஓடி முடிந்த பிறகு, திரையைப் பார்த்தபடியே, "அஞ்சு" என்றார். பிறகு, "உங்களோட பேசறதா இல்ல. கோபம் போகல" என்றார்.

"போக வேணாம். எனக்கும்தான் போகல."

கடலடியில் அந்த எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு அவள் மேலே வருகிற இடம் வந்தது. தான் பொய் என்று தெரிந்துவிட்டது. ஈரம் சொட்டச் சொட்டக் கப்பல் தளத்தில் உட்கார்ந்திருக்கிறாள். புயல் வருகிறது. எழுந்து போய்ச் சுக்கானைப் பிடிக்கிறாள். அந்தப் படத்தில் உருப்படியான ஒரே காட்சி அதுதான்.

பொய் என்றால் பொய்யாகவே இருக்கட்டும். உண்மையான கேப்டன் என்னோடு இருந்தது முதல் பாகத்தின் இரண்டே கால் மணி நேரம்தான். என் கல்யாணத்துக்கு முந்தின வாரம், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், மகள் வெளியூருக்குப் படிக்கப் போன வருடம், அப்போதெல்லாம் திரையில் வந்தவள் இவள்தான். ஆடச் சொன்னார்கள், ஆடினாள். பறக்கச் சொன்னார்கள், பறந்தாள். என்ன கண்றாவியைக் கொடுத்தாலும் எனக்காக முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றவள் இவள். நான் எழுந்து நின்று கை தட்டினேன்.

"உக்காருங்கம்மா, மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

வாத்தியார் திரும்பினார். "விடுங்க சார், இந்தப் படம் வந்ததே இவங்களாலதான்" என்று எரிந்து விழுந்தார். குரலில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. கன்னம் நனைந்திருந்தது.

சுக்கான் திரும்புகிற வரை நான் உட்காரவே இல்லை.