பெருமாள் வேஷ்டி என்ன நிறம்?

அந்த வருஷம், அதாவது 2006-இல், நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் ஸ்ரீனிவாசராகவன் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். கொலுப் போட்டிக்கு இனி நடுவர்கள் வீடு வீடாக வரமாட்டார்கள். போன வருஷம் பெஹாலாவில் கிளம்பிய நடுவர்கள் துர்கா பூஜைக் கூட்டத்தில் சிக்கி, லேக் கார்டன்ஸ் வந்து சேர்வதற்குள் சுண்டல் ஊசிப்போயிருந்தது. ஆகவே வீட்டுக்கு ஒரு புகைப்படம், ஒன்றே ஒன்று, சப்தமி மாலை ஆறு மணிக்குள் மின்னஞ்சலில் வந்துசேர வேண்டும்.

சகுந்தலா இதைப் படித்ததும் கணவரைப் பார்த்தாள். பதினோரு வருஷமாகப் போட்டியில் கலந்துகொண்டு, வருஷா வருஷம் ஆறுதல் பரிசாக எவர்சில்வர் டப்பாவோடு திரும்பியவள். முதல் பரிசு வெள்ளிக் குங்குமச் சிமிழ். அது ஒவ்வொரு வருஷமும் வேறு யாராவது ஒருத்தியின் கைக்குப் போனது.

“ஏன்னா, உங்க புது கேமராவுக்கு ஒரு வேலை வந்திருக்கு,” என்றாள்.

ஜம்புநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மத்திய அரசு ஆய்வகம் ஒன்றில் முப்பத்தோரு வருஷமாக அவருக்குப் போலி ஆவணங்களைக் கண்டுபிடிக்கிற வேலை. உயிலில் ஒரு சுழியைப் பின்னால் சேர்த்திருந்தால் சொல்லிவிடுவார். கையெழுத்துப் போட்டவன் நடுவில் பேனாவைத் தூக்கினானா என்று சொல்லிவிடுவார். டிஜிட்டல் கேமரா வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்குள் ஏரிக்கரையில் நானூறு படம் எடுத்திருந்தார். ஒன்றைக்கூடத் திருத்தியதில்லை. கேமராவோடு வந்த எடிட்டிங் சிடியின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

“எடுத்த படத்துல கை வெக்கறது ஃபோர்ஜரி,” என்பார். “நான் பிடிச்சுக் குடுத்தவாள்ளாம் அப்படித்தான் ஆரம்பிச்சா.”

சகுந்தலா அந்த முறை கொலுவுக்குக் கீழே கரியாஹாட் கடைத்தெருவையே கட்டினாள். தீப்பெட்டிகளில் நடைபாதைக் கடைகள். கடைக்குக் கடை ரவிக்கை வெட்டுத் துண்டுகளில் புடவைகள். வளையல்காரன், பேரம் பேசுகிற வங்காளி மாமி மாஷிமா, நடுவில் தெர்மோகோலில் டிராம். ஒன்பது படிகளின் உச்சியில் வெங்கடாசலபதி. அவருக்குப் புது வெள்ளை வேஷ்டியை அவளே தைத்துக் கட்டியிருந்தாள். சஷ்டி சாயங்காலம் மஞ்சள் குண்டு பல்புகளைப் போட்டு, “இப்போ எடுங்கோ,” என்றாள். ஜம்புநாதன் நாற்காலி மேல் ஏறி நாற்பத்தோரு படம் எடுத்தார்.

மறுநாள் காலை எதிர்வீட்டு கோஷ் குடும்பத்துக் குழந்தைகள் சுண்டலுக்கு வந்து, டிராமை ஓட்டிப் பார்த்து, கரியாஹாட்டின் கிழக்குப் பக்கத்தைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார்கள். “பரவாயில்ல, படம் இருக்கே,” என்று சொன்ன சகுந்தலா, மத்தியானம் மூன்று மணிக்குக் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தாள்.

தலையை இடது பக்கமாகச் சாய்த்து மறுபடி பார்த்தாள்.

“ஏன்னா, கொலுவுக்குக் காமாலையா?”

படம் முழுக்க ஒரே ஆரஞ்சு. படிகள் இடது பக்கமாகச் சரிந்து, பொம்மைகள் எல்லாம் வரிசையாக வழுக்கி விழப்போவது போல இருந்தன. வலது ஓரத்தில் பால்கனிக் கொடியும், அதில் ஜம்புநாதனின் இரண்டு பனியன்களும் தெளிவாக விழுந்திருந்தன. படத்தில் தெளிவாக இருந்தவை அவை மட்டும்தான்.

“நாப்பத்தோரு படமும் இப்படியேவா?”

“எல்லாம் ஒரே மாதிரிதான் வந்திருக்கு,” என்றார் ஜம்புநாதன், அது ஒரு தகுதி போல.

சகுந்தலா சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் சத்தம் போட்டன. விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கிற மகள் ரஞ்சனா, துர்கா பூஜைப் பந்தல்கள் பார்க்கப் போகப் புடவை கட்டிக்கொண்டு வந்தவள், திரையைப் பார்த்து நின்றாள்.

“ஆரே பாபா! அப்பா, கேமராவ வெயில்ல எடுக்கற செட்டிங்லயே விட்டுட்டேள். ஏரிக்கரைக்கு வெச்சது. பத்து நிமிஷ வேலை. அந்த சிடி எங்க?”

“தொடாதே. அது டாம்பரிங்.”

“சரி, தொடல. ஒரே ஒரு கேள்வி. நேத்து பெருமாள் வேஷ்டி என்ன கலர்?”

“வெள்ளை. உங்கம்மா என் கண்ணு முன்னாடிதான் தைச்சா.”

“இந்தப் படத்துல?”

ஜம்புநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் போய்ப் பார்த்தார். அலுவலகத்தில் மை நிறம் பார்ப்பது போலவே பார்த்தார். “பறங்கிக்காய்,” என்றார் கடைசியில், சாட்சிக் கூண்டில் நிற்கும் குரலில்.

“அப்ப பொய் சொல்றது யாரு? நானா, இந்தப் படமா?”

ஜம்புநாதன் மறுபடி வேஷ்டியைப் பார்த்தார். ஆய்வகத்தில் மங்கிப்போன எழுத்தை அவர்கள் வெறும் கண்ணால் படிப்பதில்லை. விளக்கை மாற்றுவார்கள், வடிகட்டிக் கண்ணாடி போடுவார்கள், பக்கத்தில் ஒரு நிற அட்டையை வைத்துப் படமெடுத்து அதற்கேற்பச் சரிசெய்வார்கள். முப்பத்தோரு வருஷத்தில் அதை யாரும் போலி என்று சொன்னதில்லை, எதிர்த் தரப்பு வக்கீல் உட்பட. தெரிந்த வெள்ளை ஒன்று படத்துக்குள்ளேயே இருக்கிறது. பெருமாளே நிற அட்டையாக நிற்கிறார்.

“சிடி அலமாரியில இருக்கு,” என்றார்.

ரஞ்சனா சிடியைப் போட்டு, திரை ஓரத்தில் ஒரு குட்டிச் சொட்டுக்குழாய்ப் படத்தைக் காட்டி, “இத வேஷ்டி மேல வெச்சு அழுத்துங்கோ,” என்றாள். அழுத்தினார். கொலு முழுவதும் ஆரஞ்சிலிருந்து வெளியே வந்தது. மயில் நீலமாயிற்று. தசாவதாரத்தில் ராமர் தனியாக, கிருஷ்ணர் தனியாகத் தெரிந்தார்கள். கரியாஹாட்டில் ஒவ்வொரு புடவையும் ஒவ்வொரு நிறம்.

“சகுந்தலா!” என்று கத்தினார். “இங்க வா! உன் கொலு இங்கதான் இருக்கு!”

அதன் பிறகு மௌஸை யாருக்கும் கொடுக்கவில்லை. ரஞ்சனா சாய்வை நிமிர்த்தக் கற்றுக்கொடுத்தாள், இருட்டான கீழ்ப்படிக்கு வெளிச்சம் ஏற்றக் கற்றுக்கொடுத்தாள், தோழிகள் வாசலில் கூப்பிட்டதும் ஓடிவிட்டாள். சகுந்தலா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அந்தச் செட்டியார் பொம்மை மூக்கு உடைஞ்சிருக்கே, ஒட்டிடுங்கோ.”

“மாட்டேன். அது நேத்தும் உடைஞ்சுதான் இருந்தது.”

“மூணாம் படியில ஓரமா ஒரு இடம் காலி. இன்னொரு யானை வெக்கலாமே? அந்தப் பக்கத்து யானையையே காப்பி பண்ணி வெக்கலாமாம், ரஞ்சு சொன்னா.”

“சகுந்தலா, இதுக்குத்தான் ஆளுங்கள உள்ள போடறா.”

“உங்க பனியன்?”

இதற்கு ஜம்புநாதன் யோசித்தார். யானையைச் சேர்ப்பது பொய். வேஷ்டியை வெளுப்பது உண்மை. பனியன் இரண்டுக்கும் நடுவில் தொங்கியது. வெட்டினால் இருந்ததை மறைத்ததாகும். வெட்டாவிட்டால் இன்று இரவுச் சாப்பாடு சந்தேகம். ஆவணத்தில் திருத்தம் செய்தால் பக்கத்தில் அதைச் சொல்லிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். அப்படிச் சொல்லிவிட்டால் குற்றமில்லை.

“வெட்டிடறேன்,” என்றார்.

சகுந்தலா நிம்மதியாகக் காப்பி போடப் போனாள். ஆறு மணிக்கு நான்கு நிமிஷம் இருக்கும்போது படம் போயிற்று. கூடவே ஒரு பக்க அறிக்கையும் போயிற்று. அதை அவள் பார்க்கவில்லை.

விஜயதசமி கழிந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஹாலில் பரிசளிப்பு. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஸ்ரீனிவாசராகவன் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

“பதினேழு படம் வந்தது. பதினாறு படத்தில் நடுவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிலது செங்கல் சூளை மாதிரி, சிலது ஃபிளாஷ் பட்டு நடுவில் ஒரு சூரியன். கொலு வைத்தவர்கள் மேல் குறையில்லை, படம் எடுத்த ஆத்துக்காரர்கள் மேல்தான்.” பெண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது. “ஒரே ஒரு கொலுதான் கண்ணுக்குத் தெரிந்தது. தீப்பெட்டிக் கரியாஹாட்! முதல் பரிசு, திருமதி சகுந்தலா ஜம்புநாதன்!”

சகுந்தலா பட்டுப்புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். பாதி வழி போயிருப்பாள்.

“அது மட்டுமில்லை,” என்றார் ஸ்ரீனிவாசராகவன். “இவர்களுடைய நேர்மைக்கு ஒரு எடுத்துக்காட்டு. படத்தோடு வந்த அறிக்கையைப் படிக்கிறேன். ‘ஒன்று: படம் இடப்பக்கம் நான்கு டிகிரி சாய்ந்திருந்தது, நிமிர்த்தப்பட்டது; கீழ்ப்படி இருட்டாக இருந்தது, வெளிச்சம் ஏற்றப்பட்டது. இரண்டு: அதிகப்படியான மஞ்சள், பெருமாளின் வேஷ்டியை ஆதாரமாகக் கொண்டு நீக்கப்பட்டது. மூன்று: வலது ஓரத்தில் கொடியும், அதில் உலர்ந்துகொண்டிருந்த ஆண்கள் பனியன் இரண்டும், அவற்றில் ஒன்று கிழிந்தது, வெட்டப்பட்டன. நான்கு: செட்டியாரின் மூக்கைச் சரிசெய்யும்படி மனைவி கேட்டுக்கொண்டார், மறுக்கப்பட்டது. ஐந்து: கூடுதல் யானை, அதுவும் மறுக்கப்பட்டது. இவை தவிர வேறு மாற்றமில்லை என உறுதி கூறுகிறேன்.’”

ஹால் இடிந்து விழுவது போலச் சிரித்தது. சகுந்தலா மேடையில் சிமிழை வாங்கிக்கொண்டபோது சிரித்த முகமாகத்தான் இருந்தாள். ஆனால் கீழே இறங்கும்போது கணவர் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

ஜம்புநாதனைச் சுற்றி அதற்குள் நான்கு ஆண்கள் கூடி, எந்த சிடி, எந்தச் சொட்டுக்குழாய் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பெருமையோடு விளக்கினார். டாக்ஸியில் ஏறிய பிறகுதான் வீட்டு நிலவரம் அவருக்கு உறைத்தது.

டாக்ஸி இரண்டு சிக்னல் தாண்டியது.

“கிழிஞ்சதுன்னு எழுதணுமா?” என்றாள் சகுந்தலா.

“விவரம் முழுசா இருக்கணுமோன்னோ.”

இன்னொரு சிக்னல்.

“நாளைக்கு ஆபீஸ் போறதுக்கு முன்னாடி அந்த நிமிர்த்தறது, வெளிச்சம் ஏத்தறது, வெட்டறது, எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக்குடுத்துட்டுப் போங்கோ.”

“உனக்கு எதுக்கு சகுந்தலா? நான்தான் இருக்கேனே.”

“அதுக்காகத்தான்,” என்றாள்.