லெம்கேயின் சோளக் குதிர்

"மிஸ், கடல்ல விழுந்தவங்கள இந்தக் காய் தூக்கிப் பிடிக்குமா?" என்று வில்மா ஒருநாள் கேட்டாள். ஏழு வயதுக்காரி. அவள் அண்ணன் பசிபிக்கில் ஏதோ ஒரு கப்பலில் இருந்தான்.

"காய் இல்லம்மா, உள்ள இருக்கிற பஞ்சு. அதை வச்சுத் தச்ச சட்டை தூக்கிப் பிடிக்கும்," என்றாள் எல்னா.

எல்னா மாவட்ட விவசாய அலுவலகத்தில் பிள்ளைகளின் உழவர் மன்றத்தைக் கவனிப்பவள். யுத்தத்துக்கு முன் கன்று வளர்க்கவும் தக்காளியைப் புட்டியில் அடைக்கவும் கற்றுக்கொடுத்தாள். ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும், மிதவைச் சட்டைகளுக்குள் அடைக்கும் இலவம் பஞ்சு அங்கிருந்து வருவது நின்றுபோனது. மிச்சிகன் வேலியோரங்களில் எருக்கைப்போல் காய்க்கும் பால்செடிதான் இனி மாலுமிகளுக்குக் கதி. அந்தச் செப்டம்பரில் மன்றத்துப் பிள்ளைகள் முழங்கைவரை பால் பிசுபிசுக்க வெங்காயச் சாக்குகளை நிரப்பினார்கள்.

நிரப்பிய சாக்குகளை வேலிக் கம்பியில் மாட்டிக் காற்றாட விடவேண்டும். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் விளைந்ததை உள்ளே இழுத்துப் போட்டே பழகிய ஊர். எல்னாவும் அந்த ஊர்க்காரிதானே. தேவாலயத்து நிலவறையில் எல்லாவற்றையும் நெருக்கி அடுக்கச் சொல்லிவிட்டாள். மறுநாள் ஒரு சாக்குக்குள் கைவிட்டாள். கறந்த பால்போல் வெதுவெதுப்பு. உள்ளே புழுங்கிக்கொண்டிருந்தது. பூசணம் பூத்தால், சாக்குகளை எடுக்கச் சனிக்கிழமை வரும் அரசாங்க லாரி ஒன்றைக்கூட ஏற்றாது.

எல்லார் களஞ்சியத்திலும் வைக்கோல் கூரைமுட்ட இருந்தது. காலியாக இருந்தது ஹெர்மன் லெம்கேயின் சோளக் குதிர் ஒன்றுதான். பலகைக்குப் பலகை விரல் நுழையும் சந்து. மேலே நல்ல கூரை. ஆனால் யுத்தம் தொடங்கியதிலிருந்து அந்த வாசலை யாரும் மிதிப்பதில்லை.

"ஜெர்மன்காரர் குதிர்லயா மிஸ்? ராவோட ராவா பெர்லினுக்கு அனுப்பிடப் போறாரு," என்றான் மன்றத்துப் பையன் டெல்பர்ட்.

"அனுப்பட்டுமே. இந்த நாத்தத்துக்கு அவங்க நாளைக்கே சரணடைஞ்சிருவாங்க. நீ சாக்கைத் தூக்குடா."

கதவைத் திறந்த லெம்கே அவளையும் மழையில் நனைந்து நின்ற பிள்ளைகளையும் பார்த்தார்.

"மிஸ்டர் லெம்கே, உங்க குதிர் வேணும். தப்பு என்மேலதான். நெருக்கி அடுக்கச் சொல்லிட்டேன்."

"பச்சைக் காயையா? கோழி அடைகாக்கிற மாதிரி அடுக்கினீங்களாக்கும்." அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஆணி இருக்கு. ஒண்ணுமேல ஒண்ணு படாம மாட்டுங்க."

அன்றிலிருந்து ஏரிக்காற்று சந்துகளில் புகுந்து புறப்பட்டது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் லெம்கே ஒவ்வொரு சாக்காகக் குலுக்கித் திருப்பி மாட்டினார். யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. பால்வாளியோடு அந்த வழியாகப் போன வில்மாவின் அம்மா பார்த்துவிட்டு எல்னாவிடம் சொன்னாள்.

சனிக்கிழமை காய்கள் சலசலவென்று உலர்ந்திருந்தன. லாரிக்காரர் ஒரு காயைப் பிளந்து ஊதினார்; பஞ்சு பறந்தது.

"பேஷ். இது யாரோட குதிர்?"

எல்னா வாயைத் திறந்தாள். பெயரைச் சொன்னால் சரக்கைத் தள்ளிவிடுவாரோ என்று ஒரு கணம் தயங்கினாள். அந்தத் தயக்கத்தை லெம்கே பார்த்துவிட்டார்.

"மன்றத்தோடது," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

லாரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். சேவல் கூவுமுன் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த சீடனுடைய கதையை எல்னா வேதத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறாள். ஒரு வார்த்தையும் பேசாமலே மறுதலிக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் உருளைக்கிழங்கு தோண்டப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். பண்ணைக்கு ஒரு குழு என்று பிள்ளைகளை அவள் அலுவலகம் அனுப்பியது. லெம்கேயின் நிலத்துக்குப் போக ஒரு குழுவும் சம்மதிக்கவில்லை. உறைபனி நெருங்கிவிட்டது. அவருக்கோ இடுப்பு வளையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை லெம்கே பக்கத்து ஊரின் ஜெர்மன் தேவாலயத்துக்குப் போனார். எல்னா தன் தேவாலயத்துக்குப் போகவில்லை. காரைக் காட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, முள்வாரியோடு வயலுக்குள் இறங்கினாள். ஓய்வுநாளில் வேலை செய்வதற்கு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாள். மண்ணைப் புரட்டி, கிழங்கைப் பொறுக்கி, கூடைகளை நிரப்பி வரிசைமுனையில் வைத்து, பனிபடாமல் வைக்கோலால் மூடினாள். பாதி வயல்தான் முடிந்தது. மீதிக்கு அடுத்த ஞாயிறு இருக்கிறது.

தொலைவில் ஆராதனை முடிந்த மணி ஒலித்தது. எல்னா காலடித் தடங்களை முள்வாரியால் கிளறி அழித்துவிட்டு, காட்டுப் பக்கமாக நடந்தாள்.