ஆறே கால் மணி நேரப் பிணம்

தான் ஒருமுறை செத்துப்போய், மூன்று நாள் பிணமாகக் கிடந்து, பக்கத்தில் நடந்த பேச்சையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு, பசிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவர் என்று லிஃப்டுக்காரர் சொல்லுவார்.

முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற மனுஷர். கம்பி அறுந்து விழுந்த லிஃப்டைப் பதினோரு பேரோடு ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தியவர். அந்தப் பதினோரு பேர் சில நாள் பதினெட்டாவார்கள். மழை நாளில் இருபத்துநாலு. அதில் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. நாலாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவில் அவளுக்கு இரட்டைப் பிள்ளை. இப்படிப்பட்டவர் செத்த கதையை எவன் நம்புவான்?

அடியோடு நம்பாதவர் அவருடைய தங்கையின் கணவர். மாப்பிள்ளை அந்தக் காலத்தில் அறுவை சிகிச்சை அறையில் உதவியாளர். கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஆபரேஷன் மேஜையின் தலைமாட்டில் நின்றவரே அவர்தான். "மயக்கத்துல கிடந்தவருக்கு என்ன தெரியும்? கனவு கண்டிருப்பாரு." இருபத்திரண்டு வருஷமாக இதே பதில்.

இன்று மத்தியானம் தங்கைக்குக் குடல் முறுக்கிக்கொண்டது.

ஆஸ்பத்திரி நடைபாதையில், சக்கரக் கட்டிலில், வயிறு பலகையாக இறுகிப்போய் அவள் கிடந்தாள். மயக்க மருந்து டாக்டர், முப்பது வயதுகூட இருக்காது, படிவத்தோடு வந்தாள்.

"குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்தால பிரச்சனை வந்திருக்கா?"

"எனக்கு வந்திருக்கு டாக்டரம்மா! மூணு நாள் செத்துக் கிடந்தேன்!"

டாக்டரின் பேனா நின்றது. உதடு லேசாக விரிந்தது. கட்டிலில் இருந்து, அந்த வலியிலும், "அண்ணே, இங்கேயுமா?" என்று முனகல் வந்தது.

லிஃப்டுக்காரருக்கு வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கணக்கைக் குறைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொந்தப் பல்லைத் தானே பிடுங்குவது போல இருந்தது.

"மூணு நாள் இல்லம்மா. ஒரு நாள்." ஒரு விரலை மடக்கினார். "அதுவும் இல்ல. ஆறே கால் மணி நேரம்."

"என்ன ஆச்சு?"

"உடம்பை மரக்கட்டையாக்குற மருந்து ஒண்ணு போடுவீங்களே, தொண்டையில குழாய் விட. மத்தவங்களுக்கு அஞ்சு பத்து நிமிஷத்துல முறிஞ்சிடும். ஏன்? ரத்தத்துல ஒரு என்சைம் அதை வெட்டிப் போட்டுடுது. என்சைம் இல்லாட்டியும் அந்த மருந்து தானா உடையும்மா, ஆனா முட்டிவலிக்காரன் படியில இறங்குற மாதிரி. என்சைம்தான் லிஃப்ட். சரக்கை இறக்கிட்டு, தான் கொஞ்சம்கூடத் தேயாம, காலியா மேல போய் அடுத்ததை ஏத்தும். நிமிஷத்துக்கு ஆயிரம் நடை. இதுல நான் கூட்டிச் சொல்லல."

"தெரியும். சொல்லுங்க."

"என் ரத்தத்துல அந்த லிஃப்டுக்குக் கதவு ஒரு நூல் வளைஞ்சு போச்சு. பிறவியிலேயே. சரக்கு உள்ள நுழையல. மருந்து பூரா படியில இறங்கித் தீர ஆறே கால் மணி. மயக்கம் சீக்கிரமே தெளிஞ்சிடுச்சு, உடம்பு மட்டும் அசையல. அப்புறம் பெரிய டாக்டர்தான் விளக்கினாரு. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயிருந்தும் வந்ததாம். கூடப் பிறந்தவளுக்கும் இருக்கலாம்னாரு. நாலுல ஒரு பங்கு."

"எழுதிக் குடுத்தாரா?"

"குடுத்தாரு. தொலைச்சிட்டேன். ஆனா மாப்பிள்ளை அப்ப அங்கதான் வேலை பார்த்தாரு."

டாக்டர் சிரிக்கவில்லை. "அதுக்குப் பதிலா போடுற மாத்து மருந்து இங்க தீர்ந்துடுச்சு. வெளியில இருந்து வர ஒரு மணி நேரமாகும். அதுக்குள்ள குடல் அழுகலாம். செயற்கை மூச்சு மெஷினும் ஒண்ணுதான், அதுல வேற ஆள் இருக்காரு. நீங்க சொல்றது நிஜம்னா காத்திருக்கணும். கதைன்னா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது." மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "நீங்க அங்க வேலை பார்த்தவராமே. நடந்ததா?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "அப்படி ஒண்ணும் எனக்கு... அவரு எப்பவும் இப்படித்தாம்மா."

"ரெண்டு நிமிஷம் தர்றேன். பேசிட்டு வாங்க."

லிஃப்டுக்காரர் அவரைக் கையைப் பிடித்து நடைபாதைக் கோடிக்கு இழுத்துப் போனார். கதையில் அவர் சேர்க்காத சரக்கு இல்லை: எமன் வந்தான், எருமை தும்மியது, பெயர் தப்பு என்று திருப்பி அனுப்பினான். ஆனால் ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. கண்ணிமைகளின் மேல் பிளாஸ்திரி. தைத்த இடம் நெருப்பாக எரிகிறது. கத்த வாய் இல்லை, இழுக்க மூச்சு இல்லை. ரப்பர் பையை யாரோ அமுக்கினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும்.

"மாப்பிள்ளை, அன்னிக்குச் சாயங்காலம் எல்லாரும் வெளியே போயிட்டாங்க. நீங்க மட்டும் இருந்தீங்க. 'போதும் மச்சான், கை விட்டுப்போச்சு, நீங்க போயிடுங்க'ன்னீங்க. பையை விட்டுட்டீங்க. நான் எண்ணினேன். எழுபது. அப்புறம் அழுதுகிட்டே திரும்ப அமுக்குனீங்க."

மாப்பிள்ளை பக்கத்துச் சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமா ஏன் கேக்கல?"

"என் தங்கச்சி உங்க வீட்டுல இருக்கா. அதோட, ஆறு மணி நேரம் எனக்கு மூச்சு குடுத்ததும் அதே கைதான்." பிடித்த கையை விடவில்லை. "அந்த எழுபதை நான் வெளியே விட மாட்டேன். மீதியை நீங்க சொல்லுங்க. உள்ள அவளுக்குப் பையை அமுக்கப்போறது யாரோ எவரோ. என் தங்கச்சி இருட்டுல எண்ணிக்கிட்டுக் கிடக்க வேண்டாம் மாப்பிள்ளை."

திரும்பி வந்தபோது கட்டிலை உள்ளே தள்ள ஆள் வந்து நின்றிருந்தான். மாப்பிள்ளை கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்தார்.

"நடந்ததும்மா. ஆறே கால் மணி நேரம். பையை அமுக்கினது நான்தான். மாத்து மருந்துக்கு ஆள் அனுப்புங்க."

டாக்டர் போனை எடுத்தபடியே ஓடினாள். தங்கை கண்ணைத் திறந்து, அண்ணனை முதன்முதலாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். காத்திருக்க வேண்டிய ஒரு மணி நேரம் தொடங்கிவிட்டது.

மாப்பிள்ளை மனைவியின் கையைப் பிடித்தார். குரலைத் தாழ்த்தவில்லை.

"எழுபது இல்ல மச்சான். நூத்திப் பத்து. நானும் எண்ணினேன்."