ஏழரைத் தலை

பதினோரு வருடம் மூட்டை தூக்கியதில் என் இடுப்பு தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான், கிடங்குச் சுவரில் படம் வரைய ஆள் உண்டா என்று மேனேஜரம்மா கேட்டபோது, காலி அட்டைப்பெட்டிகளில் கிறுக்கிப் பழகிய தைரியத்தில் கையைத் தூக்கினேன். ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்டு நிமிர்ந்து நிற்கும் ஒரு தொழிலாளி; நிஜ ஆளைப்போல் இருமடங்கு. மூன்று மணிக்குள் கோட்டுப்படம் சரியாக வந்தால் பெயிண்ட் பிரிவில் வேலை. சொதப்பினால் பழையபடி மூட்டை.

எனக்குத் தெரிந்த விதி ஒன்றே ஒன்று. மனிதன் தன் தலையைப்போல் ஏழரை மடங்கு உயரம். தலையை அளந்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்கு. இதைச் சொன்னதும் என்னோடு சுமக்கிறவள் ஒருத்தி, "ஏழரையா? வெளங்கின மாதிரிதான்" என்றாள்.

மாதிரிக்கு என் அக்கா புருஷனைப் பிடித்து நிறுத்தினேன். அவரும் அதே கிடங்கில் சுமப்பவர். மோவாயிலிருந்து உச்சி வரை ஒரு அடி வந்தது. இருமடங்குக்கு இரண்டடிக் குச்சி வெட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். சுவர் பன்னிரண்டு அடி. மேலிருந்து கரிக்கட்டியால் இழுத்துக்கொண்டே இறங்கினேன். தலைக்கு ஒரு குச்சி, மார்புக்கு இரண்டு, தொப்புளுக்கு மூன்று. கை தானாக ஓடியது. வாய் ஏதோ முனகியது. பாட்டாக இருக்க வேண்டும்.

முழங்கால் போட்டு முடித்துக் கீழே பார்த்தால் தரை வந்துவிட்டது.

தள்ளி நின்று பார்த்தேன். விளக்குக் கம்பத்தில் எலுமிச்சம்பழம் செருகிய மாதிரி இருந்தான் என் தொழிலாளி. கூட்டம் கூடிவிட்டது. முழங்கால் வரை தண்ணீர் வரைந்துவிடு என்றாள் ஒருத்தி. தரையைத் தோண்டிக் காலை இறக்கலாம் என்றார் லாரி டிரைவர். மணி இரண்டு. இன்னும் ஒரு மணி நேரம்தான், ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை.

"அத்தான், உங்க உயரம் எவ்வளவு?"

"அஞ்சரை அடி. ஏன்?"

தலை ஒரு அடி. ஆள் அஞ்சரை அடி. "அப்போ நீங்க மொத்தமே அஞ்சரைத் தலைதான்" என்றேன்.

"பொண்ணு பாக்க வந்தப்பவே உங்கக்கா பாத்துட்டா. நீ இப்பத்தான் பாக்குற."

அப்போதுதான் உறைத்தது. நான் அளந்தது தலையை அல்ல, ஹெல்மெட்டை. எங்கள் கிடங்கில் ஒருவர் தலையை ஒருவர் பார்த்ததே இல்லை. வாசலில் நுழையும்போது மாட்டினால் வெளியே போய்த்தான் கழற்ற வேண்டும். உள்ளே கழற்றினால் நோட்டீஸ். நாளாவட்டத்தில் அதுவே மண்டையாகிவிட்டது. அங்கிருந்த முப்பது பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பின்னாலேயே ஆறு பெண்கள். தீ விபத்தா என்று வாட்ச்மேன் எழுந்து நின்றார். தெருவில் நிறுத்திக் கழற்றச் சொன்னால், அத்தான் இரண்டு கையாலும் ஹெல்மெட்டை அமுக்கிக்கொண்டார்.

"நாலு பேர் பாக்குறாங்க, புள்ள."

"என் இடுப்பு போயிடும், அத்தான்."

கழற்றினார். வழுக்கையென்றால் அப்படியொரு வழுக்கை; வெயில் பட்டுக் கண் கூசியது. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். மோவாயிலிருந்து உச்சி வரை ஒன்பது அங்குலம்.

ஈரச் சாக்கால் சுவரைத் துடைத்தார்கள் அந்த ஆறு பேரும். ராட்சசன் போனான். ஒன்றரை அடிக் குச்சியோடு மறுபடி ஏறினேன். ஹெல்மெட்டைத் தலைக்கு மேல் தனியாக வைத்து, மோவாய், மார்பு, இடுப்பு என்று இறங்கி வந்தால், முழங்கால் முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் விழுந்தது. பூட்ஸின் அடி தரையைத் தொட்டது. உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு வரைந்துகொண்டிருக்கும்போது மேனேஜரம்மா வந்தார்.

என் கையிலிருந்த குச்சியை வாங்கி, அத்தானை ஏணியில் ஏற்றி, தலை உச்சியிலிருந்து அளக்கச் சொன்னார். ஏழரையில் தரை வந்தது. மேனேஜரம்மா என் பக்கம் திரும்பினார்.

"நாளையிலேருந்து மூட்டைப் பக்கம் வராதே. பெயிண்ட் ஸ்டோர்ல போய்ப் பேர் எழுதிக் குடு."

'ஓடாதே' என்று எழுதிய பலகையைத் தாண்டித்தான் ஓடினேன். முகமெல்லாம் கரி. ஸ்டோர்க்காரர் பேனாவை நீட்டியபோது சிரிப்பில் எனக்கு என் பேரே வரவில்லை.