மக்டலினுக்கு ஒதுக்கிய பத்து நிமிடங்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மட்டக்களப்பில் நடந்த ஒரு சுற்றுப்போட்டியில் பேசித் தீர்த்தவர்கள்மீது எனக்கு வந்த கோபம். ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் தொடக்கம்: “வாவியின் பொன்னலைகள் தாலாட்ட, நான்கு தேசத்து வீராங்கனைகள்...”

(நிறுத்திவிட்டேன். அன்றைக்கு வாவி பாசி நாற்றமடித்தது. பதாகையில் நான்கு நாடுகள், வந்தவை இரண்டு. அதில் ஒன்று நாங்கள்.)

இரண்டாம் தொடக்கம்: அயல்நாட்டு மகளிர் கூடைப்பந்தாட்டத்தின் முதலாவது சுற்றுப்போட்டி, மாலைதீவுடனான ஒரேயோர் ஆட்டமாகச் சுருங்கிய அன்று, மக்டலின் மாற்று வீராங்கனைகளின் வாங்கில் இருந்தாள்.

இது பரவாயில்லை.

2

மக்டலினுக்கு முப்பத்துநான்கு வயது. மருந்துக்கடையில் வேலை. பதினாறு வருடம் மாவட்ட அணிக்கு ஆடியவளுக்கு நாட்டின் பெயர் போட்ட சட்டை இப்போதுதான் கிடைத்தது. சட்டை மட்டும் போதாது. களத்தில் இறங்கினால்தான் புள்ளித்தாளில் பெயருக்கு நேரே ஒரு பெருக்கற்குறி விழும். அது இல்லாதவள், சட்டை போட்ட பார்வையாளர். அடுத்த வருடம் தன்னை ஒருவரும் கூப்பிடப்போவதில்லை என்பது அவளுக்கே தெரியும்.

பயிற்றுநர் ஜெயராஜா வாக்குக் கொடுத்திருந்தார்: “கடைசிப் பத்து நிமிசம் உனக்குத்தான் புள்ள.”

3

ஆட்டம் மூன்று மணிக்கு. விளக்கேற்றி, ஆசி வழங்கி, பொன்னாடை போர்த்தியபின் பத்துப்பேர் பேசினார்கள். ஒருவர், வீராங்கனைகளை வெயிலில் நிறுத்திவைத்துப் பெண்ணின் பெருமையை விளக்கினார். இன்னொருவர் கடைசிவரை வலைப்பந்து என்றே சொன்னார்.

“அக்கா, பேச்சுக்கும் புள்ளி போட்டா மேடைதான் வெல்லும்,” என்றாள் மக்டலினுக்குப் பக்கத்தில் நின்ற சக வீராங்கனை டினோஷா.

“வாயை மூடுகா. கால் கொதிக்குது.”

பத்து நிமிடப் பகுதிகள் நான்கில் மூன்று முடிந்தபோது பிரதம விருந்தினர் எழும்பிவிட்டார். கொக்கட்டிச்சோலையில் வெட்டவேண்டிய திறப்புவிழா நாடா ஒன்று அவருக்காகக் காத்திருந்தது. அவர் கையால் கொடுக்காவிட்டால் அது வெற்றிக் கிண்ணமா? ஏற்பாட்டுக் குழு ஒரே நிமிடத்தில் முடிவெடுத்தது. (அன்று விரைவாக நடந்த ஒரே காரியம்.) ஆட்டம் அதோடு முடிந்தது. ஆறு புள்ளிகளால் மாலைதீவுக்கு வெற்றி. புள்ளித்தாள் கையொப்பத்தோடு உறைக்குள் போனது.

“சேர், என்ட பத்து நிமிசம்?”

ஜெயராஜா தன் சப்பாத்தைப் பார்த்தார். “நான் என்ன செய்யிற புள்ள? மேலிடம்.”

4

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. அவள் ஒலிவாங்கியைப் பறித்து முழங்குகிறாள். (அடித்துவிட்டேன். பன்னிரண்டாவது பேச்சு எதற்கு?*)

ஆ. அவள் வாவிக்கரையில் தனியே நின்று கண்ணீர்... (அவள் அந்த ரகமில்லை.)

இ. நடந்தது. வாகனங்கள் போனபின் மாலைதீவு அணித்தலைவி பந்தைத் தட்டியபடி நடுவட்டத்துக்கு வந்து பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். நடுவர் இல்லை. டினோஷா நேரம் பார்த்தாள். மக்டலின் இறங்கினாள். நான்கு தடவை வளையத்துக்குள் போட்டாள். யார் வென்றது என்பதை எண்ணியவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

* பத்துப்பேர் என்றேனே, பதினோராவது ஆள் எங்கே என்று கேட்பீர்கள். நான்தான். பொன்னாடை இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

5

அடுத்த கிழமை மக்டலினின் மருந்துக்கடைக்குப் பிரஷர் குளிசை வாங்கப் போனேன். ஜெயராஜா உறையிலிருந்து எடுத்த புள்ளித்தாளை விரித்து, பேனாவைத் திறந்துகொண்டு நின்றார்.

“ஒரு குறிதானே புள்ள. இப்ப போட்டுடுறன். ஆருக்குத் தெரியப்போகுது?”

மக்டலின் தாளைப் பார்த்தாள். பிறகு என்னை.

“உங்கட பேச்சு எத்தின நிமிசம் சேர்?”

“ஒரு... பன்னிரண்டு இருக்கும்.”

“என்ட பத்தும் அதுக்குள்ள அடங்கும்,” என்று சொல்லிக் குளிசையை உறையில் போட்டாள்.

அவள் குறியைப் போடவிட்டாளா, தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாளா என்று சொல்ல எனக்கு இன்னும் ஒரு பந்தி வேண்டும். அதை நான் எடுக்கப்போவதில்லை. ஜெயராஜாவின் பேனா திறந்தபடி இருக்கிறது. அவள் வாய் திறக்கப்போகிறாள். நீங்கள் கேளுங்கள்.

நான் அமர்கிறேன்.