ஏழு மீன்களுக்கு ஒரு தொட்டி

வேட்டை மீன் வளர்ப்பவனுக்குக் காலையில் முதல் வேலை எண்ணுவது. பல் தேய்ப்பதெல்லாம் அப்புறம்தான். நேற்று ஏழு என்றால் இன்றும் ஏழு இருந்தால்தான் அந்த நாள் நல்ல நாள்.

நான் வாங்கியது பீகாக் பாஸ் குஞ்சுகள். ஆள்காட்டி விரல் நீளம், பார்க்கப் பரம சாது. ஆனால் வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கிவிடும். கூடப்பிறந்ததாயிற்றே என்ற தயவு தாட்சண்யமெல்லாம் கிடையாது. கையளவு வளரும்வரை அவற்றை ஒரு வளர்ப்புத் தொட்டியில் விட்டுவைத்து, பிறகு ஆறடித் தொட்டிக்கு மாற்றவேண்டும். அந்த ஆறடித் தொட்டியை எங்கே வைப்பாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன்.

மீன் தொட்டிக் கடைக்காரர் பொறுமைசாலி. என்னைப்போல ஆர்வக்கோளாறுகளை நிறையப் பார்த்தவர்.

"உயரத்தப் பாக்காதீங்க சார். இது மேலயும் கீழயும் போற மீன் இல்ல, இப்படியும் அப்படியும் ஓடுற மீன். நாலடி நீளம், ரெண்டடி அகலம் வாங்குங்க. நீளம் குறைஞ்சா பெருசு சின்னத மூலையில ஒதுக்கிடும். ஒதுங்கினது சரியா சாப்பிடாது, வளராது. ரெண்டுக்கும் அளவுல வித்தியாசம் ஏறிச்சுன்னா ஒருநாள் எண்ணிக்கையில ஒண்ணு குறையும்."

"அப்போ இன்னும் பெருசா வாங்கிடவா?"

"இந்த வயசுக்கு ரொம்பப் பெருசும் வேணாம். இரையத் தேடியே களைச்சுப்போகும். நாலடி சரியா இருக்கும். மூடி மட்டும் கட்டாயம், துள்ளி வெளிய விழுந்துரும்."

நாலடித் தொட்டி வைக்க எங்கள் வீட்டில் ஒரே ஒரு சுவர்தான் உண்டு. ஹாலில் ஒரு பக்கம் சோபா, மற்ற பக்கமெல்லாம் கதவு. என் அறையில் நானே உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் படுக்கிறேன். மிச்சமிருப்பது அக்காவின் அறை. அங்கே அந்தச் சுவரை ஒட்டித்தான் அவள் கட்டில் கிடந்தது.

அக்கா வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இனிமேல் மாமாவோடு முடியாது என்று ஒரு காலையில் வந்து நின்றாள். பல் டாக்டர் ஒருவரிடம் நர்ஸ் வேலை. "வேற இடம் கிடைக்கிற வரைக்கும்டா" என்றாள். "எவ்வளவு நாள் வேணா இரு அக்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கடையிலிருந்து வந்ததும் கடைக்காரர் சொன்னதையெல்லாம் அக்காவிடம் ஒப்பித்தேன். மறுநாள், அவள் வேலைக்குப் போயிருந்தபோது, டேப்பை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலுக்கு அடியில் நுழைந்தேன். லிஃப்ட் மெக்கானிக்குக் குறுகிய இடத்தில் புகுவது பழக்கம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் அங்கே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் அளந்தேன். கட்டில் இல்லை, துணி அலமாரி இல்லை, அக்கா இல்லை. தொட்டி ஜம்மென்று உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. டாக்டர் அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பிவிட்டாராம்.

"கட்டிலுக்கடியில என்னடா பண்றே?"

"ஒட்டடை அடிக்கிறேன்."

"டேப்ப வெச்சா?"

அவள் சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டிலை நகர்த்தச் சொன்னால் வீட்டைவிட்டுப் போகச் சொல்வதாக நினைத்துக்கொள்வாளே என்று பயம். போய்விட்டால் தேவலை என்று ஒரு நிமிடம் நினைத்தவனுக்கு அந்தப் பயம் வராமல் என்ன செய்யும்?

ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் ஹால் மூலைக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டடி நீளம், மூன்றடி உயரத்தில் ஒரு தொட்டியும், கூடவே ஏழு குஞ்சுகளும் வாங்கினேன். "கோபுரம் கட்டப் போறீங்களா சார்?" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்கு வரும்போது எனக்கு நானே பெரிய தியாகி. அக்காவிடம் மூச்சு விடவில்லை. சொல்லிக்காட்டாமல் செய்வதுதான் பெருந்தன்மை என்ற நினைப்பு.

இரண்டாவது வாரம் ஆறு. அடுத்த வாரம் ஐந்து, பிறகு நான்கு. இருந்ததில் பெரியது தொட்டியைத் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டது. மற்றவை ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த எரிச்சலையெல்லாம் அக்காவிடம் காட்டினேன். குழாயை ஏன் சரியாக மூடவில்லை, விளக்கை ஏன் அணைக்கவில்லை, செருப்பு ஏன் நடுவழியில் கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் "சரிடா" என்றாள். ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுக்கிறவள் சரிடா சரிடா என்று போனபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"லேடீஸ் ஹாஸ்டல்ல ரூம் கிடைச்சிருக்கு. புதன்கிழமை போறேன்."

"ஏன், இங்க என்ன குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் வைக்கல."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உனக்காகத்தான் அந்த உருப்படாத தொட்டிய வாங்கினேன், தெரியுமா? உன்னாலதான் மூணு மீன் போச்சு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அக்கா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள்.

"நீ அளந்துட்டுப் போன அன்னிக்கு நானும் அளந்தேன்டா. கட்டிலத் திருப்பி ஜன்னல் பக்கம் போட்டா அந்தச் சுவரு முழுசா காலி. நாலடி என்ன, அஞ்சடியே வரும். வந்து கேப்பியேன்னு ஒரு வாரம் பாத்தேன். நீ கேக்கல. அந்தக் கோபுரத்தத் தூக்கிட்டு வந்து நின்ன."

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"சின்ன வயசுல நான் தூங்கும்போதே தலையணைய உருவிட்டுப் போனவன்டா நீ. விருந்தாளிகிட்டதான் யாரும் கட்டில நகர்த்தச் சொல்ல மாட்டாங்க. நீ தொட்டியோட வந்த அன்னிக்கே ஹாஸ்டலுக்குப் போன் பண்ணிட்டேன்."

வாயைத் திறந்தேன். உண்மைதான் வந்தது.

"அளந்தப்போ ஒரு நிமிஷம், நீ இல்லேன்னா நல்லாருக்கும்னு நினைச்சேன்க்கா."

"தெரியும். உன் மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருந்துச்சு. அத அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு சாத்து சாத்தியிருப்பேன். அதோட போயிருக்கும்."

அவள் மறுபடியும் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அக்கா போய்விடுவாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. மன்னிப்புக் கேட்டால் அதற்கும் "சரிடா" என்பாள். நான் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய்ச் சட்டத்தைப் பிடித்தேன்.

"எந்திரிக்கா. அந்தப் பக்கம் பிடி."

அவள் அசையவில்லை. நான் விடவும் இல்லை. அவள் உட்கார்ந்திருக்கும்போதே கட்டிலை ஒரு இழு இழுத்தேன். மடித்து வைத்த துணியெல்லாம் சரிந்து தரையில் விழுந்தது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ஒரு மணி நேரமா மடிச்சேன்டா எருமை!"

நான்கு மாதத்தில் அதுதான் அவள் என்னைத் திட்டிய முதல் தடவை.